குழந்தைக்குத் துணை நிற்கும் பெற்றோருக்கு யார் துணை? சக பெற்றோர் ஆதரவுக் குழுக்களின் தேவை குறித்து ஒரு பார்வை

பெங்களூரு: பாலியல் வன்கொடுமைக்கு ஆளான குழந்தைக்கு நீதியும் சிகிச்சையும் கிடைப்பதற்குப் போக்சோ சட்டம் விரிவான ஏற்பாடுகளைச் செய்துள்ளது. ஆனால், காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் என ஒவ்வோர் இடத்துக்கும் அக்குழந்தையின் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் தாயும் தந்தையும் தங்கள் துயரத்தை யாரிடம் சொல்வது என்பதற்கு அந்தச் சட்டத்தில் தனியாக எந்த ஏற்பாடும் இல்லை. இந்த இடைவெளியை நிரப்பக்கூடிய வழிகளில் ஒன்றாகக் கருதப்படுவது, இதே துயரத்தைக் கடந்து வந்த பிற பெற்றோரின் துணை.

ரகசியம் தரும் பாதுகாப்பும் தனிமையும்

மத்திய பெங்களூருவில் விவேக் நகர், நீலசந்திரா ஆகிய பகுதிகளை ஒட்டி அமைந்துள்ள ஆஸ்டின் டவுன், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வரும் பகுதிகளில் ஒன்று. இத்தகைய நெருக்கமான குடியிருப்புகளில் ஒரு வீட்டுக்குக் காவல் துறையினர் வந்து சென்றாலே தெரு முழுவதும் செய்தி பரவிவிடும். குழந்தைக்கு நேர்ந்ததை வெளியே சொன்னால் அதன் எதிர்காலம் பாதிக்கப்படுமோ என்ற அச்சத்தில் பெற்றோர் வாய்மூடி இருப்பது இயல்பு.

சட்டமும் குழந்தையின் அடையாளத்தைக் காப்பதில் உறுதியாக உள்ளது. போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி, குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரங்கள், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளத்தை வெளிப்படுத்தும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. மீறினால் குறைந்தது 6 மாதம் முதல் அதிகபட்சம் ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.

குழந்தைக்கு இது இன்றியமையாத பாதுகாப்பு. எனினும், ஊடகங்களுக்கு விதிக்கப்பட்ட இந்தத் தடையைத் தங்களுக்கும் உரியதாகப் பல பெற்றோர் எடுத்துக்கொள்கின்றனர். ஆலோசகரிடமோ நம்பிக்கைக்குரிய ஒருவரிடமோ மனம் திறந்து பேசுவதைச் சட்டம் தடுக்கவில்லை. குழந்தையின் அடையாளத்தைக் காப்பதும் பெற்றோர் தங்கள் வேதனையைப் பேசுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இந்த வேறுபாட்டின் மீதுதான் சக பெற்றோர் ஆதரவு என்ற கருத்தே அமைந்துள்ளது.

பெற்றோர் மீது விழும் பொறுப்புகள்

2012ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம், விசாரணையின் பெரும்பாலான கட்டங்களில் பெற்றோரின் இருப்பை எதிர்பார்க்கிறது. குழந்தையின் வாக்குமூலம் பெற்றோர் அல்லது குழந்தை நம்பும் வேறொருவர் முன்னிலையில் பதிவு செய்யப்பட வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் அவ்வாறே நடைபெற வேண்டும். நீதிமன்றத்தில் மூடிய அறையில் நடைபெறும் விசாரணையின்போதும் குழந்தையின் அருகில் அவர்கள் இருக்கலாம்.

இதனால், தங்கள் குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பெற்றோர் ஒருமுறை அல்ல, பலமுறை கேட்க நேரிடுகிறது. வழக்கைக் கூடுமானவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் எனச் சட்டம் கூறினாலும், நடைமுறையில் பல வழக்குகள் அதைத் தாண்டியும் நீள்கின்றன. ஒவ்வொரு விசாரணை நாளும் தினக்கூலி பெறுவோருக்கு ஒரு நாள் வருமான இழப்பு.

குற்றம் சாட்டப்பட்டவர் உறவினராகவோ அண்டை வீட்டாராகவோ இருந்தால் சிக்கல் மேலும் ஆழமாகிறது. குழந்தைகள் மீதான பாலியல் வல்லுறவு வழக்குகளில், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே அறிமுகமானவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தரவுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. அத்தகைய நேரங்களில் "வெளியில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்ற அழுத்தம் சொந்தக் குடும்பத்துக்குள்ளிருந்தே வரும். வழக்கின் பாதியில் குடும்பங்கள் பின்வாங்குவதற்கும், சாட்சிகள் பிறழ்வதற்கும் இந்த அழுத்தம் ஒரு முக்கியக் காரணம்.

"நமக்கு எப்படித் தெரியாமல் போனது?"

இந்தக் கேள்விதான் பெரும்பாலான பெற்றோரை உறங்க விடாமல் செய்கிறது. ஆனால், குழந்தைகள் உடனே சொல்லிவிடுவதில்லை என்பதே உண்மை. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளிடம் கருத்து கேட்கப்பட்டது. அவர்களில் 53.22 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் அதை யாரிடமும் சொல்லவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது.

இந்தத் தகவலை ஆலோசகர் ஒருவர் விளக்கும்போது பெற்றோர் தலையசைக்கலாம். ஆனால் மனம் ஏற்காது. அதே கேள்வியோடு பல இரவுகள் விழித்திருந்த மற்றொரு தாய், "எனக்கும் தெரியவில்லை" என்று சொல்லும்போது குற்ற உணர்ச்சியின் பிடி சற்றுத் தளர்கிறது. ஆலோசகரின் இடத்தைச் சக பெற்றோர் நிரப்ப முடியாது. ஆனால், பள்ளியில் எந்த அளவுக்குச் சொல்வது, தாத்தா பாட்டியின் கேள்விகளுக்கு என்ன பதில் அளிப்பது, "என்னால்தான் இப்படி ஆனதா?" என்று குழந்தை கேட்டால் எப்படி எதிர்கொள்வது என்பன போன்றவற்றை அனுபவத்திலிருந்து சொல்ல அவர்களால் முடியும்.

தந்தையரின் நிலை பெரும்பாலும் கவனம் பெறுவதில்லை. பாதுகாக்கத் தவறிவிட்டோம் என்ற எண்ணம் அவர்களிடம் கோபமாகவோ பழிவாங்கும் துடிப்பாகவோ வெளிப்படுவதுண்டு. சிறு வயதில் தாங்களே துன்புறுத்தலுக்கு ஆளாகி, அதை யாரிடமும் சொல்லாமல் வளர்ந்த பெற்றோருக்குப் பழைய காயமும் சேர்ந்து திறக்கிறது.

பெற்றோர் தேறுவது குழந்தைக்கும் மருந்து

துன்புறுத்தலுக்கு ஆளான குழந்தை மீண்டு வர உதவும் காரணிகளில், அதன் சொல்லை நம்பி உடன் நிற்கும் பெற்றோரின் அரவணைப்பும் ஒன்று என்பதை மனநல வல்லுநர்கள் வலியுறுத்துகின்றனர். உலக சுகாதார அமைப்பு 2017ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல்களும் இதையே எதிரொலிக்கின்றன. பாலியல் துன்புறுத்தலால் மன அதிர்ச்சி அறிகுறிகள் தென்படும் குழந்தைகளுக்கு உளவியல் சிகிச்சை அளிக்கும்போது, பாதுகாப்பானதாகவும் பொருத்தமானதாகவும் இருந்தால், குற்றத்தில் தொடர்பில்லாத பெற்றோர் அல்லது பாதுகாவலருக்கும் அச்சிகிச்சையை அளிப்பது குறித்துப் பரிசீலிக்க வேண்டும் என அவை பரிந்துரைக்கின்றன.

ஒரு தொலைபேசி உரையாடலில் தொடங்கிய முயற்சி

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் உள்ள சான் ஹோசே நகரில், 1971ஆம் ஆண்டு ஹென்றி ஜியாரெட்டோ என்ற ஆலோசகர், குடும்பத்துக்குள் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான குழந்தைகளுக்கான சிகிச்சைத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். புதிதாக வந்த ஒரு தாய் நிலைகுலைந்திருந்தபோது, ஏற்கெனவே அந்தத் துயரத்தைக் கடந்து வந்த மற்றொரு தாயை அவருடன் தொலைபேசியில் பேசுமாறு ஜியாரெட்டோ கேட்டுக்கொண்டார். நீண்ட நேரம் நீடித்த அந்த உரையாடல் புதிய தாயை அமைதிப்படுத்தியது. அதிலிருந்து 'பேரண்ட்ஸ் யுனைடெட்' என்ற சுய உதவிக் குழு உருவானது. குற்றம் இழைத்த தந்தையரையும் அந்த அமைப்பு சேர்த்துக்கொண்டது பின்னர் விவாதத்துக்கு உள்ளானது.

பிரிட்டனில் 1992ஆம் ஆண்டு லண்டனில் தொடங்கப்பட்ட 'மோசாக்' அமைப்பு வேறு பாதையைத் தேர்ந்தெடுத்தது. குற்றத்தில் தொடர்பில்லாத பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் மட்டுமே அது ஆதரவளித்தது.

பெங்களூருவில் உள்ள ஏற்பாடுகள்

பெங்களூருவில் 2001ஆம் ஆண்டு மகப்பேறு மருத்துவர்களான சங்கீதா சக்சேனா, ஷைப்யா சல்டானா ஆகியோர் தொடங்கிய 'என்ஃபோல்ட்' அறக்கட்டளை, பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் காவல் நிலையம் முதல் நீதிமன்றம் வரை துணை நிற்கும் பணியில் ஈடுபட்டுள்ளது. ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினர் மனநலப் பிரிவில் குழந்தைக்குச் சிகிச்சையும் பெற்றோருக்கு ஆலோசனையும் பெற முடியும். தமிழ்நாட்டில், சென்னையை மையமாகக் கொண்ட 'துளிர்' அமைப்பு 2004ஆம் ஆண்டு முதல் இத்துறையில் இயங்கி வருகிறது.

சட்டப்படி, குழந்தைகள் நலக் குழு மூலம் 'ஆதரவு நபர்' ஒருவரும் நியமிக்கப்படலாம். இந்த ஏற்பாடு குறித்து 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஆதரவு நபரின் தேவையைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்றும், அத்தகைய உதவி உள்ளது என்பதை எல்லா வழக்குகளிலும் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறியது. ஆனால், ஆதரவு நபர் குழந்தைக்காகவும் வழக்குக்காகவும் நியமிக்கப்படுபவர். வழக்கு முடிந்த பின்னரும் பெற்றோரின் மன உளைச்சல் தொடரக்கூடும்.

குடும்பத்தினரே ஒருவருக்கொருவர் துணை நிற்கும் முறை இந்நகருக்குப் புதிதல்ல. மனநோயால் பாதிக்கப்பட்டவர்களின் குடும்பத்தினர் இணைந்து நடத்தும் 'ஆமெண்ட்' என்ற சுய உதவிக் குழு பெங்களூருவில் செயல்பட்டது இதற்கு எடுத்துக்காட்டு.

மொழி என்னும் தடை

ஆஸ்டின் டவுனில் வசிக்கும் ஒரு தமிழ்த் தாய் கன்னடத்தில் பேசத் தெரிந்தவராக இருக்கலாம். ஆனால், கன்னடத்தில் எழுதப்பட்ட முதல் தகவல் அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்வது வேறு. குழந்தைக்குப் புரியாத மொழியில் புகார் பதிவு செய்யப்பட்டால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும் எனப் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவும், நீதிமன்றச் சாட்சியத்தின்போது அந்த உதவியைப் பெறலாம் என 38ஆவது பிரிவும் கூறுகின்றன. இவ்விரண்டும் குழந்தையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

புகாரைப் பதிவு செய்த பின் அதைப் படித்துக் காட்டும்படி கேட்பதும், அதன் நகலைக் கட்டணமின்றிப் பெறுவதும் புகார் அளித்தவரின் உரிமை. இந்த உரிமையை அறிந்த, அதே மொழி பேசும் மற்றொரு பெற்றோர் உடன் இருந்தால், புரியாத தாளில் கையெழுத்திடும் நிலை ஏற்படாது. உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்காக 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளின் கீழ் குழந்தைகள் நலக் குழு சிறப்பு நிவாரணம் பரிந்துரைக்கலாம் என்பதும், பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் அது வழங்கப்பட வேண்டும் என்பதும் இதைப் போலவே பலர் அறியாத தகவல்கள்.

குழு எவ்வாறு இயங்க வேண்டும்?

நல்ல நோக்கம் மட்டும் இத்தகைய குழுவுக்குப் போதாது. சில எல்லைகளைத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்வது அவசியம்.

முதலாவதாக, குழந்தையின் பெயர், பள்ளி, வீடு ஆகியவற்றைக் குறிப்பிடாமல் பேச வேண்டும். பேசியதை எழுதவோ, பதிவு செய்யவோ, வாட்ஸ்அப்பில் பகிரவோ கூடாது. ஒரே தெருவில் வசிப்பவர்கள் ஒரே குழுவில் சேராமல் பார்த்துக்கொள்வதும் நல்லது.

இரண்டாவதாக, வழக்கு நிலுவையில் உள்ள பெற்றோர் பெரும்பாலும் சாட்சிகளாகவும் இருப்பர். எனவே சம்பவத்தின் விவரங்களையோ நீதிமன்றத்தில் சொல்லப்போகும் சாட்சியத்தையோ குழுவில் விவாதிக்கக் கூடாது. சொல்லிக்கொடுக்கப்பட்ட சாட்சியம் என்று எதிர்த்தரப்பு வாதிட அது இடமளித்துவிடும். தங்கள் உறக்கமின்மை, பயம், கோபம், குடும்பச் சிக்கல் ஆகியவற்றைப் பேசுவதற்கு இந்தத் தடை பொருந்தாது.

மூன்றாவதாக, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நிகழ்ந்திருப்பதை அறிந்த எவரும் அதைக் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் எனச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. இதுவரை புகார் அளிக்கப்படாத குற்றம் ஒன்று குழுவில் வெளிப்பட்டால், கேட்டவர்களுக்கும் அந்தக் கடமை உண்டு. இதைச் சேரும்போதே ஒவ்வொருவருக்கும் சொல்லிவிட வேண்டும்.

நான்காவதாக, பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். தற்கொலை எண்ணம், பழிவாங்கும் திட்டம், மது அடிமைத்தனம் போன்றவை வெளிப்படும்போது அவற்றைச் சக பெற்றோர் தனியாகக் கையாள இயலாது. குற்றம் சாட்டப்பட்டவரோ அவரை ஆதரிக்கும் உறவினரோ குழுவில் இடம்பெறக் கூடாது.

பெரிய அமைப்பும் அலுவலகமும் இருந்தால்தான் இதைத் தொடங்க முடியும் என்பதில்லை. பெற்றோர் இருவரின் ஒப்புதலைப் பெற்று, ஆதரவு நபரோ ஆலோசகரோ அவர்களைத் தொலைபேசியில் இணைத்து வைப்பதே முதல் படியாக அமையலாம். சான் ஹோசேயில் நடந்ததும் அதுதான்.

உதவி பெற

குழந்தைகளுக்கான உதவி எண் 1098, அவசர உதவி எண் 112 ஆகியவற்றை எந்நேரமும் அழைக்கலாம். மனநல ஆலோசனை தேவைப்படும் பெற்றோர் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை நாடலாம். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட இச்சேவை, தமிழ், கன்னடம் உள்ளிட்ட மொழிகளில் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணைத் தொடர்புகொள்ளலாம். இந்த எண்களைக் குழந்தைக்காக மட்டுமன்றித் தங்களுக்காகவும் பெற்றோர் அழைக்கலாம் என்பது குறிப்பிடத்தக்கது.