கைப்பிடிக் கதைகள் – 9: விருந்தாளிக்குக் கொடுக்கும் கண்ட்ரோலர்

சென்ற வாரம் அடாரி 2600-இன் கறுப்பு ஜாய்ஸ்டிக்கோடு நிறுத்தினோம். அதை அடாரியே செய்தது. இந்த வாரம், கன்சோலைச் செய்யாதவர்கள் அதற்காகச் செய்த கண்ட்ரோலர்கள். கடைக்காரர் மொழியில் ‘தேர்டு பார்ட்டி’.

இரண்டு கண்ட்ரோலர் இருந்த வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியோடு வந்தது வீட்டுக்காரப் பையனுக்கு. பிறகு விலை குறைவாக வாங்கியது விருந்தாளிக்கு, விருந்தாளி வராத நாளில் தம்பிக்கு. விருந்தாளி தோற்றால் “கண்ட்ரோலர் சரியில்லை” என்பார். பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும். அமுக்கிய பட்டன் மேலே வராது, இடது பக்கம் அழுத்தினால் கீழேயும் சேர்ந்து போகும். வெளிக் கம்பெனிச் சரக்குக்குக் கெட்ட பெயர் நியாயமாகத்தான் வந்தது.

ஆனால் அந்தக் குப்பைக்கு நடுவே ஒரிஜினலை விஞ்சிய சிலவும் இருந்தன. கன்சோல் கம்பெனிக்கு ஒரு கட்டாயம் உண்டு. எட்டு வயதுப் பிள்ளையின் கைக்கும் பெரியவர் கைக்கும், சண்டைக்கும் கார்ப் பந்தயத்துக்கும் பொருந்துகிற ஒன்றையே அது பெட்டிக்குள் வைத்தாக வேண்டும். வெளியாளுக்கு அந்தக் கவலை கிடையாது. ஒரே ஒரு விளையாட்டுக்காக, ஏன், ஒரே ஒரு எரிச்சலுக்காகக்கூட ஒரு கண்ட்ரோலர் செய்யலாம். எனக்குப் பிடித்தவை எல்லாம் அப்படி ஒருபக்கமாகச் சாய்ந்தவைதான். பவர் குளோவ் எங்கே என்று கேட்பீர்கள். 1989-இல் மேட்டல் விற்ற அந்தக் கையுறை சினிமாவில் நன்றாக இருந்தது. கையில் போட்டால் சுகப்படவில்லை. விட்டுவிடலாம்.

வெளியார் உள்ளே வர முடிந்ததற்கு முதல் காரணம் அடாரியின் பிளக். ஒன்பது முள், அவ்வளவுதான். நான்கு திசைக்கு நான்கு ஸ்விட்ச், சுடுவதற்கு ஒன்று. ஒரு ஸ்விட்சை அமுக்கினால் அதற்குரிய வயர் கிரவுண்டோடு சேரும், இயந்திரம் புரிந்துகொள்ளும். சிப் இல்லை, ரகசியம் இல்லை. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த எவரும் செய்யலாம். அதே வடிவப் பிளக்கைக் கமடோர் 64, அமிகா, சேகா என்று பலரும் எடுத்துக்கொண்டதால் சந்தையும் பெரிதாக விரிந்தது. அமெரிக்காவில் ஆர்கேடு இயந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்துவந்த விக்கோ, அதே உறுதியில் வீட்டுக்கும் ஜாய்ஸ்டிக் விற்றது.

என் விருப்பம் விக்கோ இல்லை, வேல்ஸில் பிறந்த கோனிக்ஸ் ஸ்பீட்கிங். அது வந்த காலத்தில் பிரிட்டனில் ஜாய்ஸ்டிக்குகளுக்கு எமனாக ஒரு விளையாட்டு இருந்தது: 1984-இல் ஓஷன் வெளியிட்ட டேலி தாம்சன்ஸ் டெகத்லான். திரையில் வீரன் ஓட வேண்டுமானால் குச்சியை இடமும் வலமுமாக வெறிபிடித்த மாதிரி ஆட்ட வேண்டும். நூறு மீட்டர் ஓட்டத்தில் தங்கம் கிடைக்கும், ஜாய்ஸ்டிக் உடையும். அன்றைய ஜாய்ஸ்டிக்குகளில் பெரும்பாலானவை மேசைமேல் வைத்து விளையாடுவதற்கானவை. அடியில் ரப்பர் உறிஞ்சிகள் கொண்டவையும் உண்டு. ஸ்பீட்கிங் மேசையையே கைவிட்டது. உடல் இடது உள்ளங்கைக்குள் அடங்கும்படி வார்க்கப்பட்டிருந்தது. விரல் வளைந்து போய்ச் சேரும் இடத்திலேயே சுடும் பட்டன். மேலே வலது கைக்கு ஒரு குட்டைக் குச்சி, உள்ளே ‘டிக் டிக்’ என்று சொல்லும் மைக்ரோஸ்விட்ச். எப்போது திசை விழுந்தது என்பதைக் காதே சொல்லிவிடும். இடது கையால் குச்சியை ஆட்டிப் பழகியவர்களுக்கு அந்த வார்ப்பு உதவவில்லை. அமெரிக்காவில் எபிக்ஸ் இதே வடிவத்தை 500எக்ஸ்ஜே என்ற பெயரில் விற்றது. பிறகு கோனிக்ஸுக்கு ஆசை பெரிதாகி, 1989-இல் மல்டிசிஸ்டம் என்று ஒரு கன்சோலையே அறிவித்தார்கள். அது கடைக்கு வரவே இல்லை.

ஜப்பானில் கதை வேறு மாதிரி. 1983-இல் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமில் இரண்டு கண்ட்ரோலரும் பெட்டியோடு நிரந்தரமாக இணைக்கப்பட்டிருந்தன. வயர் குட்டை. ஆரம்பகாலப் பெட்டிகளில் சதுர ரப்பர் பட்டன் வேறு, அது தேயும், சிக்கும். கழற்றி மாற்றலாம் என்றால் கன்சோலையே திறக்க வேண்டும். ஆனால் முன்பக்கம் பதினைந்து முள் கொண்ட ஒரு துறை இருந்தது. வெளியார் நுழைந்தது அந்தத் துறை வழியாக. ஃபேமிகாம் கண்ட்ரோலருக்குள் இருப்பதும் பெரிய வித்தை இல்லை. 4021 என்ற, எலெக்ட்ரானிக்ஸ் சந்தையில் சாதாரணமாகக் கிடைத்த சிப். எட்டு பட்டன்களின் நிலையை அது வரிசையாக நிறுத்திவைக்கும். கன்சோல் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

அங்கே நுழைந்தவர்களில் சப்போரோவின் ஹட்சன் சாஃப்ட் சுவாரசியமானது. அந்தக் கம்பெனியின் முகமாகத் தகஹாஷி மெய்ஜின் என்றொருவர் இருந்தார். வினாடிக்கு 16 முறை பட்டனைத் தட்டுவார் என்பது அவர் புகழ். ஜப்பானியப் பிள்ளைகளுக்கு அவர் சினிமா நட்சத்திரத்துக்குச் சமம். எத்தனை முறை தட்டுகிறோம் என்று எண்ணிப் பார்க்க ஹட்சன் ஒரு கைக்கருவியே விற்றது. அதே ஹட்சன்தான் ஜாய்கார்டு என்ற கண்ட்ரோலரையும் விற்றது. அதில் ஒரு ஸ்விட்சைத் தள்ளிவிட்டால் பட்டனை அமுக்கிப் பிடித்தாலே போதும், குண்டுகள் தானாகக் கொட்டும். பயில்வானையும் விற்றார்கள், பயிற்சி வேண்டாதவனுக்கு யந்திரத்தையும் விற்றார்கள்!

இந்த ‘டர்போ’வுக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. ஃபேமிகாம் வினாடிக்கு 60 முறை திரையை மாற்றுகிறது. விளையாட்டு வழக்கமாக ஒவ்வொரு திரைக்கும் ஒரு தடவை பட்டனைப் பார்க்கும். ஒரு தடவை அமுக்கம், அடுத்த தடவை விடுப்பு என்று மாற்றினால்தான் அது தனித் தட்டலாகக் கணக்காகும். ஆக வினாடிக்கு 30-க்கு மேல் எந்த யந்திரத்தாலும் தட்ட முடியாது. நம் ஊர்க் கடைகளில் 1990-களில் விற்ற ‘டிவி கேம்’ பெட்டிகள் இந்த ஃபேமிகாமின் நகல்கள்தான். அவற்றின் கண்ட்ரோலர்களில் ஏ, பி பட்டன்களுக்கு மேலே இன்னும் ஒரு ஜோடி இருந்ததே, அது இந்த டர்போதான்.

டர்போவுக்குத் தம்பி ஒன்று உண்டு, ‘ஸ்லோ மோஷன்’. சூப்பர் நின்டெண்டோவுக்கும் சேகா ஜெனிசிஸுக்கும் வந்த ஆஸ்கிபேடில் அந்த ஸ்விட்ச் இருந்தது. விளையாட்டை மெதுவாக்கும் என்று அட்டைப்பெட்டி சொல்லும். உள்ளே நடப்பது என்னவென்றால், அது ஸ்டார்ட் பட்டனை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். நிறுத்து, ஓடு, நிறுத்து, ஓடு. தூய போக்கிரித்தனம். மற்றபடி ஆஸ்கிபேடு நல்ல பேடு.

இனி என் தலையாய விருப்பம்: நாம்கோவின் நெஜ்கான்.

1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் பிளேஸ்டேஷன் வெளியானபோது, கூடவே நாம்கோவின் ரிட்ஜ் ரேசர் வந்தது. ஆர்கேடில் அதை ஸ்டியரிங் வைத்து, பெடல் மிதித்து ஓட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் பிளேஸ்டேஷன் பேடில் இருந்தவை திசைப் பட்டன்கள் மட்டும். பட்டனுக்கு இரண்டே நிலை. வண்டி முழுவதுமாகத் திரும்பும், இல்லாவிட்டால் திரும்பவே திரும்பாது. லேசான வளைவில் போக, கட்டைவிரலால் தட்டித் தட்டி ஓட்ட வேண்டும். சோனி இதைப் பற்றி அப்போது அலட்டிக்கொள்ளவில்லை. தங்கள் விளையாட்டு இப்படித் தந்தியடித்து ஓட்டப்படுவதை நாம்கோவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. 1995 ஜனவரியிலேயே விடையோடு வந்தார்கள்.

பார்வைக்கு நெஜ்கான் சாதாரணப் பேடு மாதிரி இருக்கும். ஆனால் நடுவில் ஒரு மூட்டு. இடப்பாதியும் வலப்பாதியும் தனித்தனியாகச் சுழலும். ஈரத்துணியைப் பிழிவதுபோல இரண்டு கையாலும் முறுக்கினால், எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு வண்டி திரும்பும். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை 256 படிகள். விட்டால் தானாக நடுவுக்கு வந்து நிற்கும். அதோடு விடவில்லை. I, II என்று குறித்த இரண்டு பட்டன்களும், இடது தோள் பட்டனும் ஆழமாக உள்ளே போகும். பாதி அமுக்கினால் பாதி ஆக்சிலரேட்டர், முழுக்க அமுக்கினால் முழு வேகம். அமுக்கத்தின் அளவை உணரும் முகப் பட்டன்களைச் சோனி தன் பேடில் வைத்தது 2000-இல், டூயல்ஷாக் 2-இல்.

முறுக்குவதில் என்ன விசேஷம்? கட்டைவிரலின் கீழே இருக்கும் ஸ்டிக்கின் மொத்தப் பயணமே மிகக் குறைவு. அதற்குள் நுணுக்கமாக நிறுத்துவது ஒரு சின்ன மூட்டின் வேலை. நெஜ்கானில் இரண்டு மணிக்கட்டும் சேர்ந்து வேலை செய்கின்றன, அதுவும் எதிரெதிராக. ஒன்று அதிகம் போனால் மற்றது பிடித்துக்கொள்ளும். நீண்ட வளைவில் வண்டியைச் சறுக்கவிட்டு, சறுக்கலின் நடுவே ஒரு நூலளவு திருத்துவது ரிட்ஜ் ரேசரின் உயிர். அந்த நூலளவுக்கு நெஜ்கான்தான். வைப்அவுட்டில் மிதக்கும் ஊர்திகளை ஓட்டவும் இது அற்புதமாகப் பொருந்தியது. 1997-இல் வந்த கிரான் டூரிஸ்மோவும் நெஜ்கானை ஏற்றுக்கொண்டது. மேசையில் திருகி மாட்டும் ஸ்டியரிங் செட்டுகள் இருந்தன, வாஸ்தவம். ஆனால் சோபாவில் சாய்ந்தபடி ஓட்ட நெஜ்கானுக்கு நிகர் கிடையாது என்பது என் தீர்ப்பு.

குறையும் பெரியது. செலக்ட் பட்டன் இல்லை, தோளில் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. சண்டை விளையாட்டைப் போட்டால் பாதி உத்திகள் கைக்கு வராது. அதனால்தான் தோற்றது. 1997-இல் சோனி இரண்டு ஸ்டிக் வைத்த பேடைக் கொண்டுவந்தது. அது காரும் ஓட்டும், ஆளையும் நடத்தும். எல்லாவற்றையும் சுமாராகச் செய்வது, ஒன்றை அபாரமாகச் செய்வதை ஓரங்கட்டியது. நாம்கோ விடவில்லை. 1998-இல் ரிட்ஜ் ரேசர் டைப் 4-உடன் ஜாக்கான் வந்தது. பேடின் நடுவே மோட்டார் வைத்த ஒரு சுழல்தட்டு, வளைவில் விரலை எதிர்த்துத் தள்ளும். வினோதமான பொருள்தான், ஆனால் நெஜ்கானின் இயல்பான சுகம் அதில் இல்லை.

ஒரிஜினலின் குறையைத் தீர்க்கவே பிறந்தவற்றில் ஹோரி மினி பேடு முக்கியமானது. நின்டெண்டோ 64-இன் மூன்று கைப்பிடிக் கண்ட்ரோலர் தெரிந்திருக்கும். அதன் நடு ஸ்டிக்குக்குக் கீழே பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று உண்டு. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசி, வெள்ளைப் பொடி உதிர்ந்து, நாளடைவில் ஸ்டிக் தளர்ந்து தொங்கும். மாரியோ பார்ட்டி வந்தது, நிலைமை இன்னும் மோசமானது. ஸ்டிக்கை வேகமாகச் சுழற்றும் போட்டிகள் அதில் இருந்தன. பிள்ளைகள் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துச் சுழற்றினார்கள். ஸ்டிக்கோடு கையும் தேய்ந்தது, கொப்புளம் வந்தது. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் தலையிட்டு, 2000-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நின்டெண்டோ கையுறை கொடுக்க முன்வந்தது. ஜப்பானின் ஹோரி செய்தது வேறு. மூன்று கைப்பிடியை இரண்டாக்கி, பேடையே சுருக்கி, வேறு வகை ஸ்டிக் ஒன்றைப் பொருத்தியது. பெரிய கைக்குக் கொஞ்சம் நெருக்கடிதான். ஆனாலும் ஒரிஜினலைவிட அதிக விலை கொடுத்துச் சேகரிப்பவர்கள் இன்று அதைத் தேடுகிறார்கள்.

இன்னும் விபரீதமான இரண்டு. கேம்க்யூபுக்கு ஆஸ்கி ஒரு கண்ட்ரோலர் செய்தது. அதை நடுவில் பிளந்து, இடையில் முழு கீபோர்டைச் செருகியது போன்ற வடிவம். ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைனில் சண்டை போட்டுக்கொண்டே அரட்டையும் அடிக்க வேண்டுமே, அதற்காக. கேம்க்யூபில் ஆன்லைன் விளையாட்டுகளையே விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றது 2002-இல் கேப்காம் எக்ஸ்பாக்ஸுக்காகச் செய்த ஸ்டீல் பட்டாலியன். சுமார் 40 பட்டன், இரண்டு ஸ்டிக், மூன்று பெடல். அமெரிக்காவில் 200 டாலர், அப்போது எக்ஸ்பாக்ஸின் விலையும் அதுதான். இராட்சத இயந்திரத்தைக் கிளப்பவே வரிசையாக ஸ்விட்சுகளைப் போட வேண்டும். திரையைக் கழுவத் தனி பட்டன். மூடி போட்ட ஒரு பட்டன் வெளியே குதிப்பதற்கு. வெடிக்கும் முன் அதை அமுக்கத் தவறினால் வீரன் சாவான், அதுவரை சேமித்த ஆட்டமும் அழிந்துவிடும்.

கடைசியாக, விருந்தாளிக் கண்ட்ரோலரின் மறுபெயராகவே இருந்த மேட் கேட்ஸ். 2009-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் IV வீட்டுக் கன்சோல்களுக்கு வந்தபோது, அதனுடன் மேட் கேட்ஸ் கொண்டுவந்த டோர்னமென்ட் எடிஷன் ஃபைட்ஸ்டிக் எல்லோரையும் திகைக்க வைத்தது. ஜப்பானிய ஆர்கேடு இயந்திரங்களில் இருக்கும் அதே சான்வா ஸ்டிக், அதே சான்வா பட்டன்கள். விலை 150 டாலர். அதற்கு முன் எக்ஸ்பாக்ஸ் 360-இல் அப்படி ஒன்று வேண்டுமென்றால் ஆட்டக்காரர்கள் மலிவான பேடு ஒன்றை வாங்கிப் பிரித்து, உள்ளிருக்கும் போர்டில் வயர் வயராகச் சால்டர் செய்து, தாங்களே செய்த மரப்பெட்டிக்குள் வைப்பார்கள். ஏனென்றால் அடாரி காலத்து ஐந்து ஸ்விட்ச் போய், மைக்ரோசாஃப்டின் பாதுகாப்புச் சோதனையில் தேறாத கண்ட்ரோலரை அந்தக் கன்சோல் ஏற்காத காலம் வந்துவிட்டது. அப்படிப் பலிகொடுக்கப்பட்ட பேடுகளில் பல மேட் கேட்ஸுடையவை. அந்தக் கம்பெனியே போட்டி ஆட்டக்காரர்கள் தோளில் சுமந்து போகும் பொருளைச் செய்தது என்பது எனக்கு இன்றும் வேடிக்கைதான்.

அந்தப் பெயரை அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. 2015-இல் ராக் பேண்டு 4-க்கான பிளாஸ்டிக் கிட்டார்களிலும் டிரம்களிலும் பணத்தைக் கொட்டினார்கள். நினைத்தபடி விற்கவில்லை. 2017 மார்ச்சில் கம்பெனி திவாலானது. பிளாஸ்டிக் கிட்டாரால் ஒரு கம்பெனி விழுந்ததென்றால், அதே கிட்டாரால் பத்தாண்டுக்கு முன் ஒரு கம்பெனி எழுந்தும் இருந்தது. நடனப் பாய் விற்றுக்கொண்டிருந்த ரெட்ஆக்டேன் கிட்டார் ஹீரோவுக்கு வந்து சேர்ந்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)