கொதிநீரில் பசை கரைகிறது, பட்டு ஏன் கரைவதில்லை?

ஆரணியிலிருந்து பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சாயம் போடுவதற்கு முன்னால் அப்பா கச்சாப் பட்டை சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைப்பார். பசை கரைந்துவிடும், பட்டு அப்படியே நிற்கும். இரண்டும் புரதம்தானே?" வேதிப்பிணைப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல கேள்வியை நான் பார்த்ததில்லை.

அந்தக் கொதியில் கச்சாப் பட்டு தன் எடையில் ஏறக்குறைய கால்பங்கை இழக்கிறது. போவது செரிசின் என்ற பசை, நிற்பது ஃபைப்ராயின் என்ற பட்டு. இரண்டிலும் அமினோ அமிலங்களைக் கோக்கும் பிணைப்பு ஒன்றுதான். செரிசினில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செரின். அதன் ஹைட்ராக்சில் தொகுதி தண்ணீரோடு சுலபமாகச் சேரும். ஃபைப்ராயினிலோ பெரும்பகுதி கிளைசினும் அலனினும். இரண்டும் மிகச் சிறியவை என்பதால் சங்கிலிகள் நெருங்கிப் படுக்கின்றன.

இனி தறியில் ஏற்றிய பாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாவு இழையும் ஒரு புரதச் சங்கிலி. அதன் உறுதி சகப்பிணைப்பு. ஊடையாக ஓடுவது ஹைட்ரஜன் பிணைப்பு: ஒரு சங்கிலியில் நைட்ரஜனோடு இருக்கும் ஹைட்ரஜன், பக்கத்துச் சங்கிலியின் ஆக்சிஜனைப் பிடிக்கிறது. தனியாகப் பார்த்தால் அது சகப்பிணைப்பில் இருபதில் ஒரு பங்கு பலம்தான். ஆனால் ஒன்று விட்டாலும் மற்றவை சங்கிலியை நகரவிடுவதில்லை. விட்ட பிணைப்பும் மறுபடி பிடித்துக்கொள்கிறது. இப்படி நெய்த துணி கொசுவம்போல மடிந்து, கடை அலமாரிப் புடவைகள்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகிறது: கிளைசின் பக்கத்தோடு கிளைசின் பக்கம், அலனின் பக்கத்தோடு அலனின் பக்கம். அந்த அடுக்குக்குள் தண்ணீர் நுழைய இடமில்லை.

ஊடைதான் காவல் என்பதற்குச் சான்று உண்டு. காஸ்டிக் சோடா சங்கிலியையே வெட்டிப் பட்டைக் கரைக்கும். செறிந்த லித்தியம் புரோமைடு கரைசலோ பாவை அறுக்காமல் ஊடையை மட்டும் உருவிவிடும். அப்போதும் பட்டு கரைந்துவிடுகிறது.

கொசுவம்போல மடியும் இந்தத் தாள் அமைப்பை வேதியியலாளர்கள் பாலிங்கும் கோரியும் 1951இல் முன்வைத்தார்கள். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்ற வரைபடத்தை 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழுவினர் தந்தார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

   

ஃபைப்ராயின் முழுவதும் ஒழுங்காக நெய்யப்பட்டதல்ல. ஒழுங்கற்ற இடங்களில் காற்றிலுள்ள நீராவி புகுந்து, அங்கேயும் ஹைட்ரஜன் பிணைப்பால்தான் ஒட்டிக்கொள்கிறது. வழக்கமான ஈரப்பதத்தில் 1 கிலோ பட்டில் ஏறத்தாழ 100 கிராம் தண்ணீர் இருக்கும். தொட்டால் ஈரம் தெரியாது. காற்று வறண்டால் அந்த நீர் வாயுவாகத் திரும்பிப் போகும், எடையும் குறையும். முழுக்க நனைத்தால் அதே இடங்களில் சங்கிலிகளுக்கு இடையிலான பிடி தளர்ந்து நூலின் பலம் குறைகிறது. ஈரப் பட்டுப் புடவையை முறுக்கிப் பிழியக்கூடாது என்பது அதனால்தான்.