இட்லிக்கு நோ... முட்டைக்கு ஓகே! மருந்துக்கு அடங்காத குழந்தைகளின் வலிப்புக்கு 'கீட்டோ' சிகிச்சை - முழு விளக்கம்

ஜவ்வரிசிக்கு சேலம், முட்டைக்கு நாமக்கல். இந்த ரெண்டையும் வைத்தே ஒரு சிகிச்சையைப் புரிஞ்சுக்கலாம். 100 கிராம் ஜவ்வரிசியில் 85 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. ஒரு முட்டையில் 1 கிராம்கூட இல்லை. வலிப்பு மாத்திரைகள் கைகொடுக்காத சில குழந்தைகளுக்கு இந்த வித்தியாசம்தான் மருந்து. எடையைக் குறைக்க பெரியவர்கள் இருக்கும் 'கீட்டோ டயட்' முதலில் உருவானதே வலிப்பு நோய்க்காகத்தான்.

யாருக்கு இந்த சிகிச்சை?

பொருத்தமான 2 மருந்துகளை சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. வலிப்பு நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இந்த நிலை. அடுத்தடுத்து மருந்தை மாற்றினாலும் பலன் கிடைக்கும் வாய்ப்பு குறைவு. அப்போதுதான் அறுவை சிகிச்சை, உணவு சிகிச்சை பற்றி டாக்டர்கள் யோசிப்பார்கள்.

எப்படி வேலை செய்கிறது?

பட்டினி கிடந்தால் வலிப்பு குறைவதை மருத்துவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். பட்டினி இல்லாமலே அதே நிலையைக் கொண்டுவர, 1921-ல் அமெரிக்காவின் மயோ கிளினிக் மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர் முன்வைத்ததுதான் இந்த உணவு முறை. மாவுச்சத்து குறைந்தால், கல்லீரல் கொழுப்பைக் கீட்டோன்களாக மாற்றும். குளுக்கோஸுக்குப் பதிலாக மூளை அதை எரிபொருளாக்கும்.

பலன் இருக்கா?

டெல்லி எய்ம்ஸ் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் 102 குழந்தைகள் பங்கேற்றனர். கீட்டோவின் எளிய வடிவமான 'மாடிஃபைடு அட்கின்ஸ்' உணவை 3 மாதம் சாப்பிட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. வழக்கமான உணவில் இருந்தவர்களில் இது 11.5 சதவீதம்தான்.

தட்டில் என்ன இருக்கும்?

அந்த ஆய்வில் ஒரு நாளுக்கு அனுமதித்த மாவுச்சத்து வெறும் 10 கிராம். ரெண்டு இட்லியிலேயே அது தாண்டிவிடும். சோறு, மரவள்ளிக்கிழங்கு, மாம்பழம் கிடையாது. முட்டை, கோழி, மீன், பன்னீர், தேங்காய் உண்டு. முட்டை மட்டும் போதாது. வெண்ணெய், நெய், எண்ணெய் என கொழுப்பும் கூடவே சேரணும்.

எங்கே சறுக்கும்?

"ஒரே ஒரு முறுக்கு தின்னா என்னாயிரும் கண்ணு?" என்று அம்மாயி பாசமாகக் கொடுப்பதில் சறுக்கலாம். இனிப்பான இருமல் சிரப்பிலும் சறுக்கலாம். சத்துணவில் முட்டை சரி, சோறு வேண்டாம் என்று பள்ளியில் முன்கூட்டியே சொல்லணும். வேறு காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போனாலும், குளுக்கோஸ் ஏற்றும் முன் இந்த டயட் பற்றி டாக்டரிடம் சொல்வது அவசியம்.

யூடியூப் பார்த்து ஆரம்பிக்கலாமா?

கூடவே கூடாது. கொழுப்பை உடைக்க முடியாத சில பிறவிக் குறைபாடுகள் இருந்தால் இந்த உணவு உயிருக்கே ஆபத்து. அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். மலச்சிக்கல், சிறுநீரகக் கல், வளர்ச்சி குறைவு போன்ற பக்கவிளைவுகளும் வரலாம். சத்து மாத்திரைகளும் தேவைப்படும். வலிப்பு மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது.

பலன் தெரிய சுமார் 3 மாதம் பொறுக்கணும். பலன் இருந்தால் பொதுவாக 2 ஆண்டுகள் தொடர்ந்து, பிறகு மெல்ல மெல்ல பழைய சாப்பாட்டுக்குத் திரும்பலாம்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, வலிப்பு வந்த நாள், நேரத்தை எழுதிய நோட்டை எடுத்துட்டுப் போங்க. "ரெண்டு மருந்து கொடுத்தும் நிக்கலையே, எங்க குழந்தைக்கு உணவு சிகிச்சை பொருந்துமா?" என்று தயங்காமல் கேளுங்க.