மாலையானால் கனக்கும் அடிவயிறு

குளிக்கும்போது கையில் மெத்தென்று ஏதோ தட்டுப்படுகிறது. காலையில் இல்லை, மாலையில் இருக்கிறது. படுத்தால் உள்ளே போய்விடுகிறது. கட்டியோ, புற்றுநோயோ என்ற பயத்தில் சிலர் வாய் திறப்பதில்லை, கூச்சத்தில் பலர். 'அடி இறங்கிடுச்சு' என்று பாட்டிமார் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்ட கருப்பை இறக்கம்தான் இது. புற்றுநோய் அல்ல. வயதானால் இப்படித்தான் என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதும் அல்ல.

எது இறங்குகிறது?

கருப்பை, அதற்கு முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல் ஆகிய மூன்றையும் இடுப்புத்தளத் தசைகளும் இணைப்புத் திசுக்களும் தாங்கி நிற்கின்றன. கயிற்றுக் கட்டில் தொய்வதுபோல இவை தளரும்போது, மேலே உள்ள உறுப்பு பிறப்புறுப்புப் பாதை வழியே கீழே சரிகிறது. கருப்பையை எடுத்துவிட்டவர்களுக்கும் அந்தப் பாதையின் மேல்முனை இறங்கலாம். 'எனக்குத்தான் கர்ப்பப்பையே இல்லையே' என்று இருந்துவிடக் கூடாது.

அறிகுறிகள்

வலி பெரிதாக இருக்காது, அதனாலேயே தள்ளிப்போடுகிறோம். அடிவயிற்றில் கனம், இடுப்பில் இழுப்பு, கீழே எதன்மீதோ உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வு. நாளெல்லாம் நின்று வேலை பார்த்தால் கூடும், படுத்தால் குறையும். சிறுநீர் போய்விட்டு எழுந்ததும் மறுபடி வரும். சிலருக்குப் புடைப்பை விரலால் உள்ளே தள்ளினால்தான் சிறுநீரோ மலமோ முழுதாக இறங்கும். இதைக் கணவரிடம்கூடச் சொல்லாதவர்கள் உண்டு. ஆனால் டாக்டருக்கு நோயைக் காட்டிக்கொடுக்கும் முக்கியமான தகவலே இதுதான்.

சிறுநீர்ப்பையில் மிச்சம் தங்குவதால் நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வரலாம். ஒவ்வொரு முறையும் மாத்திரை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால் காரணம் மறைந்தே கிடக்கும். இன்னொன்று: இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிந்துகொண்டிருந்தவருக்கு அது தானாக நின்றுபோகலாம். குணமாகிவிட்டது என்று தோன்றும். சிறுநீர்ப்பை இறங்கிச் சிறுநீர்க்குழாய் மடங்கிக்கொண்டதாலும் அப்படி நிற்கலாம்.

பரிசோதனையில் நழுவ விடாதீர்கள்

காலை நேரத்தில் படுக்க வைத்துப் பார்த்தால் இறக்கம் சிறிதாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். 'சாயங்காலம்தான் வெளியே வருது' என்று சொல்லுங்கள். இருமச் சொல்லி, முக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். தேவையானால் நிற்க வைத்தும் பார்ப்பார்கள். பெரும்பாலும் இந்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். வீட்டிலும் மாலையில் குந்தி உட்கார்ந்து, கைக்கண்ணாடி வைத்துக்கொண்டு இருமிப் பார்க்கலாம்.

யாருக்கு வருகிறது?

சுகப்பிரசவங்கள் பல ஆனவர்கள், இடுப்புவலி நீண்டவர்கள், ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தவர்கள், மாதவிடாய் நின்றவர்கள். நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், உடல்பருமன் ஆகியவையும் காரணம். குழந்தை பெறாதவர்களுக்கும் வரலாம். பிரசவமான சில வாரங்களிலேயே குடம் தூக்கவும் களத்துக்குப் போகவும் வேண்டியிருக்கிற பெண்ணின் நிலையை வீட்டார் யோசிக்க வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள் என்று அவளிடம் சொன்னால் போதாது. குடத்தை வேறொருவர் தூக்க வேண்டும்.

வழிகள் உண்டு

தொந்தரவு தராத இறக்கத்துக்குச் சிகிச்சையே தேவைப்படாமலும் போகலாம். ஆரம்ப நிலையில் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி நல்ல பலன் தரும். சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல அந்தத் தசைகளை இறுக்கி, சில விநாடி நிறுத்தி, முழுதாகத் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. வயிற்றை முக்கக் கூடாது. பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, குறைந்தது 16 வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

அறுவை சிகிச்சை வேண்டாம் என்பவர்களுக்கும், செய்ய முடியாதவர்களுக்கும் பெசரி என்ற சிலிகான் வளையம் இருக்கிறது. உள்ளே பொருத்தினால் இறங்கியதைத் தாங்கிக்கொள்ளும். அவ்வப்போது எடுத்துச் சுத்தம் செய்து, டாக்டரிடம் காட்டிவர வேண்டும். அறுவை சிகிச்சை என்றாலே கருப்பையை எடுப்பது என்றில்லை. கருப்பையை வைத்துக்கொண்டே மேலே தூக்கிக் கட்டும் முறைகளும் உண்டு. இனியும் குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வெளியே வந்தது உள்ளே போகாவிட்டாலோ, உராய்ந்து புண்ணாகிவிட்டாலோ சீக்கிரம் காட்டுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டால், அது இறக்கத்தால்தான் என்று நீங்களாக முடிவுகட்டக் கூடாது. வேறு காரணங்களையும் டாக்டர் சோதித்துப் பார்க்க வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொண்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.