பத்தடி நகர்ந்த மாட்டு மண்டையோடு

வேலி மண்ணில் புதைந்துவிடக் கூடாதே என்று கம்பத்தைப் பிடுங்கி உயர்த்தி நடுகிற விவசாயியைப் பலரும் பார்த்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், சிமரான் மாவட்டத்தில், 1936 ஏப்ரலில் அப்படியொரு வேலை நடந்தது. காற்று அடித்துவந்த மண், கம்பத்தின் கழுத்துவரை ஏறியிருந்தது. அதைப் படமெடுத்தவர் 20 வயது இளைஞர், ஆர்தர் ரோத்ஸ்டீன். நியூயார்க் நகரத்துப் பிள்ளை.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1935-ல் பட்டம் வாங்கியபோது அவருக்கு மருத்துவம் படிக்கத்தான் ஆசை. பொருளாதார மந்தக் காலம், கையில் பணம் இல்லை. அங்கே அவருக்குப் பொருளாதாரம் கற்பித்த ராய் ஸ்ட்ரைக்கர், அந்த ஆண்டில்தான் அரசின் மறுகுடியமர்த்தல் துறையில் படப்பிரிவு ஒன்றைத் தொடங்கினார். நொடித்துப்போன விவசாயக் குடும்பங்களுக்கு உதவ அமைந்த துறை அது. ஸ்ட்ரைக்கர் முதலில் வேலைக்கு எடுத்த புகைப்படக்காரர் ரோத்ஸ்டீன். படம் கழுவும் இருட்டறையை அமைத்ததும் அவரே.

ஸ்ட்ரைக்கருக்குக் கேமரா பிடிக்கத் தெரியாது என்றே சொல்லலாம். ஆனால் விவசாயம் தெரியும். கார்ல் மைடன்ஸ் என்ற இன்னொரு புகைப்படக்காரர் பருத்திப் பகுதிக்குப் படமெடுக்கக் கிளம்பினார். "பருத்தியைப் பற்றி என்ன தெரியும்?" என்று ஸ்ட்ரைக்கர் கேட்டார். அதிகம் தெரியாது என்று பதில் வந்தது. பயணத்தைத் தள்ளிவைத்து, பருத்திச் சாகுபடி, வியாபாரம், அதைச் சுற்றியிருக்கும் ஏழ்மை என்று இரவுவரை பேசித் தீர்த்த பிறகே அனுப்பினார். பயிர் தெரியாமல் வயலைப் படமெடுக்கப் போவது, மண் பார்க்காமல் உரம் சொல்வது போலத்தான்.

ரோத்ஸ்டீனின் முதல் பெரிய வேலை, 1935-ன் இலையுதிர் காலத்தில், வர்ஜீனியா மலைப்பகுதியில். தேசியப் பூங்காவுக்காக ஊரைக் காலிசெய்ய வேண்டிய மலைக் குடும்பங்களோடு அவர் சில வாரங்கள் தங்கினார். வந்த உடனே கேமராவை நீட்டாமல் முதலில் பழகினார். அவர்கள் அவரை மறந்து தங்கள் வேலையைப் பார்க்கத் தொடங்கிய பிறகு எடுத்த படங்கள்தான் நன்றாக அமைந்தன.

அடுத்த வசந்தத்தில் புழுதி நாட்டுக்குப் போனார். அந்த மண் எப்படிப் பறந்தது என்பதை விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டுக்கு 500 மி.மீ.க்கும் குறைவாக மழை பெய்கிற சமவெளி அது. ஆழமாக வேரோடிய குட்டைப் புல்தான் மண்ணைப் பிடித்துவைத்திருந்தது. முதல் உலகப் போரில் கோதுமை விலை ஏறியது, பிறகு டிராக்டர்கள் வந்தன. புல்லை உழுது புரட்டினார்கள். வட்டுக் கலப்பை கட்டியையெல்லாம் மாவாக உடைத்தது, அறுவடைக்குப் பின் நிலம் வெறுமனே கிடந்தது. 1930-களின் தொடக்கத்தில் மழை பொய்த்ததும் பயிரும் இல்லை, புல்லும் இல்லை. காற்றுக்குத் தடையே இல்லாமல் போனது. 1935 ஏப்ரல் 14-ல் எழுந்த புழுதிப்புயலுக்குக் 'கறுப்பு ஞாயிறு' என்றே பெயர். அதே மாதத்தில் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

ஓராண்டு கழித்து சிமரானில் ரோத்ஸ்டீன் எடுத்த படம் உலகம் முழுவதும் அச்சானது. புழுதிக் காற்றில் ஒரு விவசாயி குனிந்து நடக்கிறார். கூடவே இரண்டு மகன்கள். சின்னவன் பின்தங்கி, கையால் கண்ணை மறைத்துக்கொள்கிறான். பக்கத்தில் மண் மூடிய தாழ்வான கொட்டகை, தலைமட்டும் தெரியும் வேலிக்கம்பங்கள்.

அடுத்த மாதம் தெற்கு டகோட்டா மாநிலத்தில், வெடிப்பு விழுந்த களர் நிலத்தில் ஒரு மாட்டு மண்டையோடு கிடந்தது. வெயில் தின்று வெளுத்த ஓடு. வெளிச்சமும் நிழலும் எப்படி விழுகின்றன என்று பார்க்க, அதைச் சுமார் பத்தடி தூரம் நகர்த்தி, வேறு வேறு கோணத்தில் பல படங்கள் எடுத்தார். துறை அந்தப் படத்தை வறட்சியின் அடையாளமாகப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தது.

அது தேர்தல் ஆண்டு. ஆகஸ்டில் அதிபர் ரூஸ்வெல்ட் வறட்சிப் பகுதிகளை ரயிலில் பார்வையிட வந்தபோது, வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரத்துப் பத்திரிகை ஒன்று இது போலிப்படம் என்று எழுதியது. ஒரே மண்டையோடு இரண்டு இடத்தில் இருக்கிறதே என்றார்கள். எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அவர்கள் கேள்வியில் விவசாய நியாயமும் இருந்தது. களர் நிலம் நல்ல மழை ஆண்டிலும் காய்ந்தால் வெடிக்கும், கரிசல் கோடையில் பிளப்பது போல. மாடு செத்த எலும்பும் எந்த ஆண்டிலும் கிடக்கும். வெடிப்பையும் எலும்பையும் மட்டும் வைத்து, அந்த ஆண்டு மழை பொய்த்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது.

ஆனால் வறட்சி பொய்யில்லை. 1936 கோடை, அமெரிக்கா கண்ட மிகக் கொடிய வெயில் காலங்களில் ஒன்று. பயிரும் மேய்ச்சலும் கருகின. உண்மையான துன்பத்தைக் காட்ட வந்த படம், துன்பமே கட்டுக்கதை என்று சொல்வோர் கையில் ஆயுதமாகிவிட்டது. மண்டையோட்டை நகர்த்தியது தவறா என்று இன்றும் பேசுகிறார்கள். நகர்த்தியதைவிட, நகர்த்தியதைச் சொல்லாமல் படம் வெளியே போனதுதான் கோளாறு.

இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்குப் படம் அனுப்புவோரும் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். மஞ்சளான ஓர் இலையைப் பறித்து உள்ளங்கையில் வைத்து எடுத்த படம் போதாது. அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறையாக இருக்கலாம், நுனி இலை மஞ்சளானால் இரும்புச்சத்தைச் சந்தேகிக்கலாம். பறித்த இலையில் அந்த வித்தியாசம் தெரியாது. செடி நின்ற இடத்திலேயே முழுதாக ஒன்று, வேரோடு ஒன்று, வயல் முழுவதும் தெரிய ஒன்று, இப்படி மூன்று படமாவது வேண்டும். எந்த மூலையில் எடுத்தது, எப்போது தண்ணீர் பாய்ச்சியது என்பதையும் எழுதுங்கள்.

ரோத்ஸ்டீனின் அந்த ஓராண்டு இப்படித்தான் முடிந்தது: பெரும் பெயரும் பெரும் பழியும் சில மாத இடைவெளியில். அப்போது வயது 21. வேலையை விடவில்லை. 1937-ல் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்தில் கறுப்பினக் குத்தகை விவசாயிகளைப் படமெடுத்தார். 1940-ல் 'லுக்' இதழுக்குப் போய் பல ஆண்டுகள் பணியாற்றினார். மண்டையோட்டைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் கடைசிவரை விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. புழுதிப் படமும் தப்பவில்லை. ஓரிடத்தில் அது எதிர்பாராமல் கிடைத்தது என்றார், இன்னோரிடத்தில் எப்படி நடக்க வேண்டும் என்று தாமே சொல்லிக்கொடுத்ததாக எழுதினார். எது சரி என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

சமவெளியில் மண்ணைத் திரும்பக் கட்டிப்போட்டது வேறு கைகள். சரிவுக்குக் குறுக்கே உழவு, தாளை நிலத்திலேயே விடுவது, புல் விதைப்பு, காற்றுத் தடுப்பு மரவரிசை. 1942-க்குள் வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை சுமார் 22 கோடி மரங்கள் நடப்பட்டன.

ரோத்ஸ்டீனும் அவருடைய சக புகைப்படக்காரர்களும் எடுத்த 1,70,000-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். மண்டையோட்டுப் படங்களும் அங்கே ஒன்றையடுத்து ஒன்றாக உள்ளன, வெடித்த மண்ணில் கிடப்பதும் புல் தரையில் கிடப்பதும்.