வைத்தியசாலையிலிருந்து வந்தபின் கிடைக்கும் ஆறு கிழமைகள்

வீட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோ, கடுமையான நெஞ்சுச் சளியாலோ இரண்டு கிழமை வைத்தியசாலையில் இருந்த முதியவர் வீட்டுக்கு வரும்போது நோய் குறைந்திருக்கும். ஆனால் நடை தளர்ந்திருக்கும், கதிரையால் எழும்பவே ஒருவர் கைகொடுக்க வேண்டியிருக்கும். இதற்கு நோய் மட்டும் காரணமல்ல, படுக்கையும் காரணம். 2007இல் வெளியான ஓர் ஆய்வில் நோயில்லாத முதியவர்கள் 12 பேரை 10 நாட்கள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் கொழுப்பு நீங்கலாக ஏறத்தாழ 1 கிலோ எடை குறைந்திருந்தது. அதில் பெரும்பகுதி தசை.

இப்படி இழந்த பலத்தை மீட்பதற்காக இங்கிலாந்தில் உள்ள சேவைதான் 'ரீஏபிள்மென்ட்'. பணியாளர்கள் குறுகிய காலத்துக்கு வீட்டுக்கு வந்து, குளித்தல், உடுத்தல், சமைத்தல், நடத்தல் போன்றவற்றை அவரே மீண்டும் செய்யப் பழக்குவார்கள். பராமரிப்புச் சட்டம் 2014இன் கீழான விதிகளின்படி இதற்கு ஆறு கிழமை வரை கட்டணம் இல்லை. வருமானம், சேமிப்பு எதுவும் பார்க்கப்படாது. ஆனால் ஆறு கிழமையும் கட்டாயம் கிடைக்கும் என்றில்லை. முன்னேற்றம் வந்தால் முன்னரே முடித்துவிடுவார்கள்.

வழமையான பராமரிப்பிலிருந்து என்ன வேறுபாடு?

வழமையான பராமரிப்பாளர் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பார். ரீஏபிள்மென்ட் பணியாளர் பக்கத்தில் நிற்க, அம்மாவே தேத்தண்ணி போடுவார். முதல் கிழமை கேத்தலில் பாதிக்குத் தண்ணீர் விடுவது அம்மாவின் வேலை, ஊற்றுவது பணியாளரின் வேலை. மூன்றாம் கிழமை இரண்டும் அம்மாவின் வேலை. இதனால் நேரம் கூடப் போகும். அந்தப் பொறுமைதான் இச்சேவையின் உயிர்.

தரமான சேவையை அறிவது எப்படி?

1. இலக்கு அவருடையதாக இருக்க வேண்டும். 'நடமாட்டத்தை மேம்படுத்தல்' என்று எழுதினால் போதாது. 'காலையில் தானே குளித்துச் சாமி விளக்கு ஏற்றுவது' என்பது இலக்கு. என்ன செய்வார்கள், என்ன செய்யமாட்டார்கள் என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டும்.

2. தொழில்வழிச் சிகிச்சையாளர் அல்லது இயன்மருத்துவர் திட்டத்தில் பங்குகொள்கிறாரா என்று கேளுங்கள். உடுத்தும்போது பலவீனமான கையை முதலில் நுழைப்பது, கழற்றும்போது அதைக் கடைசியில் எடுப்பது போன்ற எளிய முறைகளை அவர்கள் கற்றுத்தருவார்கள். அவர் சேலை கட்டுபவர் என்றால் அதையும் சொல்லுங்கள். நடைச்சட்டத்தோடு சேலைத் தலைப்பும் தளர்ந்த செருப்பும் ஆபத்து.

3. கைபிடி, குளியலறைக் கதிரை போன்றவை தாமதமின்றி வர வேண்டும். 1,000 பவுணுக்கு மேற்படாத சிறு மாற்றங்களுக்குக் கவுன்சில் கட்டணம் அறவிடக் கூடாது.

4. கிழமைக்குக் கிழமை உதவி குறைய வேண்டும். முதல் நாள் செய்ததையே நான்காம் கிழமையும் செய்தால், அல்லது வருபவர் அவசர அவசரமாகத் தானே கழுவித் துடைத்துவிட்டு ஓடினால், பெயர் மட்டும்தான் ரீஏபிள்மென்ட். பொறுப்பாளரை அழைத்துக் கேளுங்கள்.

5. முடியுமுன் அடுத்தது என்ன என்று பேசித் திட்டமிட வேண்டும். தொடர்ந்து உதவி தேவையென்றால் கவுன்சிலின் தேவை மதிப்பீட்டைக் கேளுங்கள். அதன் பின்வரும் உதவிக்குப் பண வசதி பார்க்கப்படும்.

மறதிநோய் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை விலக்கக் கூடாது என்பது நைஸ் நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியின் பரிந்துரை. அப்படி மறுத்தால் காரணம் கேளுங்கள்.

நாங்கள் கவனிக்க வேண்டியது

எங்கள் குடும்பங்களில் அடிக்கடி நடப்பது இது. பணியாளர் வரும்போது மகளோ மருமகளோ வாசலில் நின்று, "எல்லாம் நாங்கள் செய்துபோட்டம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். "வருத்தக்கார மனிசியை வேலை செய்ய விடுறதே? பாக்கிற சனம் என்ன சொல்லும்?" என்ற எண்ணமும் உண்டு. அன்பினால் செய்வதுதான். ஆனால் பயன்படுத்தாத தசை திரும்பி வராது. ஊட்டிவிட்ட கை ஒரு நாள் வேலைக்குப் போய்விடும். அப்போது தனியே இருக்கும் அம்மா தண்ணீர் குடிக்கவும் மாலைவரை காத்திருப்பார்.

ஆகவே பணியாளர் காட்டியதை அவர் இல்லாத நேரத்திலும் அதே முறையில் செய்யவிடுங்கள். பொத்தான் போட பத்து நிமிடம் எடுத்தாலும் பக்கத்தில் பொறுத்திருங்கள். ஆங்கிலம் விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். பேரப்பிள்ளையை இடையில் நிறுத்தினால் மலசலகூடச் சிரமங்களை அவர் சொல்லவே மாட்டார். செருப்புக் கழற்றுவது, சைவக் குசினி போன்றவற்றை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எல்லோரும் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. சிலருக்குத் தானே மலசலகூடம் போய்வருவதே பெரிய வெற்றி. அது அவருடைய மானத்தைக் காக்கிறது. புதிதாக மூச்சுத் திணறல், நெஞ்சு நோவு, திடீர்க் குழப்பம் வந்தால் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவ உதவி பெறுங்கள்.

வைத்தியசாலை வார்ட்டிலிருந்து புறப்படுமுன்பே "ரீஏபிள்மென்ட் ஒழுங்கு செய்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்துவிட்டால் கவுன்சிலின் முதியோர் சமூக சேவைப் பிரிவை அழையுங்கள், அல்லது உங்கள் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். பலம் குறைந்து கிடக்கும் ஒவ்வொரு கிழமையும் மீட்சியைக் கடினமாக்கும். தாமதிக்க வேண்டாம்.