மலைநாட்டு மாணவரும் பல்கலைக்கழகமும்

அட்டனிற் புகைவண்டி ஏறுவோர் நாவலப்பிட்டி, கம்பளை ஆகிய ஊர்களைக் கடந்து சில மணி நேரத்துள் பேராதனையை அடைந்துவிடலாம். 1942 ஆம் ஆண்டு கொழும்பிலே தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் தன் முதன்மை வளாகத்தை 1952 ஆம் ஆண்டு அங்கே அமைத்துக்கொண்டது. தூரத்தை மட்டும் நோக்கினால் அது தேயிலைத் தோட்டங்களுக்கு மிக அண்மையில் உள்ளது. ஆயினும், தோட்டத்து லயங்களிற் பிறந்த பிள்ளைக்கு அவ்வழி நெடுங்காலம் அடைபட்டே கிடந்தது.

1945 ஆம் ஆண்டு நாட்டிலே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை ஓரறை, ஓராசிரியர், ஐந்தாம் வகுப்பு என்ற எல்லைக்குள் அடங்கியவை. 1977 ஆம் ஆண்டு முதற்கொண்டே அவற்றை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. அதன்பின் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஆசிரியராகவும் மருத்துவராகவும் விரிவுரையாளராகவும் உயர்ந்துள்ளனர். ஆதலின், வழி இன்று திறந்திருக்கின்றது. அதில் நடக்கத் தொடங்கவேண்டிய காலம் எது என்பதே கேள்வி.

உயர்தர வகுப்பிற் சேர்ந்த பின்னரே பல்கலைக்கழகத்தைப் பற்றி எண்ணினாற் போதும் என்பது பலரின் நினைப்பு. தேயிலைக் கன்று நாற்றுமேடையில் வளர்ந்து, மலையில் நடப்பட்டு, ஆண்டுகள் சில சென்ற பின்னரே கொழுந்து தருகின்றது. கொழுந்தெடுக்கும் நாளிற் கன்று நட முற்படுவார் எவரும் இலர். கல்வியும் அத்தகையதே. உயர்தரத்திற்குரிய நாற்றுமேடை ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையுள்ள நான்கு ஆண்டுகளாம்.

இக்காலத்திற் கணிதத்தின்மீது கண் வைத்தல் வேண்டும். ஆறாந் தரத்திற் பின்னங்களைத் தெளிவாக விளங்கிக்கொள்ளாத பிள்ளை எட்டாந் தரத்தில் அட்சரகணிதத்தில் இடறுகின்றது. பத்தாந் தரத்திற் கணிதம் தனக்கு வாராது என்றே துணிந்துவிடுகின்றது. அத்துணிபினால் மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளின் கதவுகளை அப்பிள்ளை தன்னையறியாமலே சாத்திவிடுகின்றது. கலைத்துறை தாழ்ந்ததன்று, விரும்பி ஏற்போருக்கு அது சிறந்த துறையே. வேறு வழியின்றி அதனுட் புகுவதே வருந்தத்தக்கது.

ஆங்கிலமும் இவ்வாண்டுகளிலேயே பயிலத்தக்கது. பல்கலைக்கழகங்களில் மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. நாள்தோறும் பத்து வரிகளை உரக்க வாசித்து ஐந்து சொற்களைக் குறித்துக்கொள்ளும் மாணவன் முதலாண்டு விரிவுரைகளிற் கலங்கமாட்டான்.

பத்தாம், பதினோராந் தரங்களில் இரண்டு செயல்கள் முக்கியமானவை. ஒன்று, சாதாரண தரப் பரீட்சையிற் கணிதம், தாய்மொழி ஆகிய இரண்டையும் கைவிடாது காத்தல். மற்றொன்று, விஞ்ஞான உயர்தர வகுப்பு தமிழ்மொழியில் எந்தப் பாடசாலையில் நடைபெறுகின்றது என்பதை முன்னரே விசாரித்தறிதல். தோட்டப்புறப் பாடசாலைகள் பலவற்றில் அவ்வகுப்பு இல்லை. பெறுபேறு வந்த பின்னர் தேடத் தொடங்குவோர் அருகிலுள்ள வகுப்பு எதுவோ அதிற் சேர்ந்துவிடுகின்றனர்.

பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரையுள்ள சில மாதங்களே மிகவும் அபாயமானவை. “சும்மா இருக்கும் பிள்ளை சிறிது காலம் கொழும்பிலே கடையில் நிற்கட்டும்” என்று அனுப்புகின்றனர். பெண்பிள்ளையாயின் ஆடைத் தொழிற்சாலைக்கோ வீட்டு வேலைக்கோ அனுப்புகின்றனர். கையிற் காசு கண்ட பின்னர் நல்ல பெறுபேறு வந்தும் திரும்பி வாராதோர் உண்டு. வீட்டின் வறுமையை அறியாதார் பெற்றோரைக் குறைகூறல் எளிது. எனினும், அச்சில மாதங்களின் சம்பளத்திற்கு ஒரு வாழ்நாளின் கல்வி விலையாகிவிடலாகாது. அந்நாட்களில் ஆங்கிலமோ கணினியோ பயிலுமாறு செய்தலே தக்கது.

உயர்தரத்திற் பெறும் புள்ளிகள் அப்படியே கூட்டப்படுவதில்லை. இசட் புள்ளியாக மாற்றப்படுகின்றன. ஒரு பாடத்தின் சராசரி 50, விலகல் 10 எனக் கொள்வோம். அதில் 65 பெற்றவளுக்கு இசட் புள்ளி 1.5 ஆகும். மற்றொரு பாடத்தின் சராசரி 60, விலகல் 20 எனின், 80 பெற்றவளுக்கும் 1 மட்டுமே. இங்கே 80 ஐ விட 65 உயர்ந்து நிற்கின்றது. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளுடைய சராசரியே கணக்கிற் கொள்ளப்படுவதால், ஒரு பாடத்தைப் புறக்கணித்து மற்றிரண்டினால் ஈடுசெய்வது அரிது.

மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளில் இடங்களுள் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமையடிப்படையிலும், 55 மாவட்ட அடிப்படையிலும், 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அப்பின்தங்கிய மாவட்டங்களின் வரிசையில் உள்ளன. ஆனால், விஞ்ஞானப் பிரிவிற் பரீட்சை எழுதுவோர்க்கே இவ்விடங்களாற் பயனுண்டு. ஏழாந் தரத்திற் கணிதத்தைக் கைவிட்ட பிள்ளைக்கு மாவட்ட ஒதுக்கீடு இருந்தும் யாது பயன்?

பெற்றோர் செய்யத்தக்கனவும் சில உள. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயரும் பாடசாலைப் பதிவில் வேறொரு பெயருமாக இருத்தல் தோட்டங்களில் அரிதன்று. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் முன்னரே அதனைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். அரச பல்கலைக்கழகங்களிற் பட்டப்படிப்புக்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை என்பதையும், 1981 இல் ஏற்பட்ட மகாபொல நிதியம் மாணவர்க்கு உதவி வழங்குகின்றது என்பதையும் அவர்கள் அறிந்திருத்தல் நன்று. செலவுக்கு அஞ்சியே முயலாதிருப்போர் பலர். இயன்றவரை மாலையில் இரண்டு மணி நேரமேனும் லயத்து அறையின் ஒரு மூலையைப் பிள்ளைக்கு ஒதுக்கி, வானொலியையும் தொலைக்காட்சியையும் தணித்து வைத்தல் பெரும் உதவியாகும்.

பல்கலைக்கழகம் கிட்டாதோர் மனந்தளர வேண்டியதில்லை. பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி உள்ளது. திறந்த பல்கலைக்கழகமும் தொழில்நுட்பக் கல்லூரிகளும் உள்ளன. எவ்வழியிற் செல்வதாயினும், ஆறாந் தரத்திலே அடியெடுத்து வைத்தவர்க்கு அது எளிதாகும். இன்று மாலை வேலை முடிந்து வீடு திரும்பும் தாயோ தந்தையோ, பிள்ளையின் கணிதப் பயிற்சிப் புத்தகத்தை ஒருமுறை திறந்து பார்ப்பாராக. எழுத்தறியாதவராயினும், “இன்றைக்கு என்ன கணக்குச் செய்தாய்?” என்று கேட்டல் அவர்க்கு இயலும்.